‘ம்’ கொட்டாத மனுசன்

வடிவம்மாவுக்கு நாற்பத்தெட்டு வயது. மகளைக் கட்டிக்கொடுத்தாயிற்று, முழங்கால் வலிக்குத் தைலமும் தேய்க்கத் தொடங்கியாயிற்று. இன்னமும் ராட்சசனுக்குப் பயப்படுகிற பொம்பளை அவள். ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்தில் யாரிடம் கேட்டாலும், “கதப் பைத்தியமா? லயத்துல தொங்கல் காம்பரா” என்று லயத்து வீட்டு வரிசையில் கடைசி வீட்டைக் கை காட்டுவார்கள். கண்டி டவுனில் ஹுதைபா முதலாளியின் புடவைக் கடையில் துணி மடிக்கிற வேலை. சம்பளத்தன்று மற்றவர்கள் மீன் வாங்குவார்கள். இவளோ மணிக்கூட்டுக் கோபுரத்துக்குப் பக்கத்தில் பழைய புத்தகம் பரப்புகிறவனிடம் குந்திக்கொண்டு, பேசும் கிளி இருக்கிறதா, ஏழு தலை நாகம் இருக்கிறதா என்று புரட்டிக்கொண்டிருப்பாள். பஸ்ஸில் யாரும் சிரிக்கக்கூடாதே என்று அட்டைக்குப் பேப்பர் உறை வேறு. கழுதை வயசில் இதென்ன கூத்து என்று கேட்டால், “படிக்கிறப்ப திக்குதிக்குன்னு இருக்கணும். அதான் எனக்குப் புடிக்கும்” என்பாள். அதென்ன ஆசையோ! கதையில் வருகிற பயம் கடைசிப் பக்கத்தோடு போய்விடும். நிஜத்தில் வருகிற பயம் அப்படியா போகிறது?

படித்தால் மட்டும் போதாது அவளுக்கு, சொல்லவும் வேண்டும். கேட்கிறவர்கள் ‘ம்’ கொட்ட வேண்டும். ‘ம்’ நின்றால் கதையும் நின்றுவிடும், கெஞ்சினாலும் நகராது. லயத்துப் பிள்ளைகள் தொண்டை கட்டும்வரை கொட்டுவார்கள். கொட்டாத ஒரே ஆள் அவள் புருஷன் இருளப்பன். மாடு வளர்த்துப் பால் ஊற்றுகிற மனிதர். கட்டிக்கொண்ட நாளிலிருந்து, இவள் கதையை ஆரம்பித்தால் அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார்.

“ஏங்க, ஒரு ‘ம்’ சொன்னா வாய்முத்தா உதுந்துரும்?”

“மாடுகூடக் கேக்காதுடி ஒன் கதைய” என்பார். அடுத்த நிமிடம் குறட்டை. அவளுக்கு அது ஆறாத மனக்குறை.

அந்தக் கார்த்திகையில் மழை விட்டபாடில்லை. லயத்துக்குப் பின்னாலிருந்த மேட்டில் வெடிப்பு விழுந்தது. காலையில் கிராம சேவகர் வந்து, எல்லாரும் உடனே பள்ளிக்கூடத்துக்குப் போங்கள் என்று கத்திவிட்டுப் போனார். கிடைத்ததைச் சுருட்டிக்கொண்டு சனம் கிளம்பியது. பாதி வழியில் இருளப்பன் நின்றுவிட்டார்.

“செவல மாடு கட்டுலயே நிக்கிது. அவுத்து வுட்டுட்டு வந்துர்றேன்.”

“திரும்பிப் போகாதீங்க!” வடிவம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் படித்த கதைகளில் திரும்பிப் போனவன் எவனும் உருப்பட்டதில்லை.

“ஒன் கதைய அடுப்புல போடு” என்று உதறிவிட்டு ஓடினார்.

லொறியிலிருந்து சல்லிக்கல் கொட்டுகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் செவலை கயிறு இழுபட ஓடி வந்தது. அதன் பின்னால் ஆள் வரவில்லை.

எல்லாரும் திரும்பி ஓடிப் போய்ப் பார்த்தால், மாட்டுப்பட்டி இருந்த இடத்தில் சேறும் தகரமும்தான் கிடந்தன. சுவர் ஒரு பக்கமாகச் சாய்ந்து மண்ணுக்குள் இறங்கியிருந்தது. அடுத்த காம்பரா ராஜலிங்கம் தகர இடுக்கில் காதை வைத்துக் கேட்டான்.

“அண்ணே மொனகுறாரு! உசுரு இருக்கு!”

ஆண்கள் மண்வெட்டியைப் போட்டுவிட்டுக் கையால் மண்ணை அள்ளினார்கள். ஓங்கி வெட்டினால் சாய்ந்து நிற்கிற சுவரும் அவர்மேல் உட்கார்ந்துவிடும். மேட்டிலிருந்து கல் உருண்டுகொண்டேயிருந்தது.

“அக்கா, பேச்சுக் குடுத்துக்கிட்டே இருங்க. மயங்க மட்டும் வுட்டுறாதீங்க, மயங்கிட்டா அம்புட்டுத்தான்” என்றான் ராஜலிங்கம்.

வடிவம்மா சேற்றில் குப்புறப் படுத்து இடுக்கில் வாயை வைத்தாள். “ஏங்க… ஏங்க…” என்பதைத் தவிர ஒன்றும் வரவில்லை. இத்தனை வருஷம் ஒன்றாக இருந்தவரிடம் பேச ஒரு பேச்சுக் கிடைக்கவில்லை பாருங்கள்! உள்ளே முனகல் தேய்ந்தது. அவளுக்குத் தெரிந்தது ஒன்றுதான். அதையே பிடித்துக்கொண்டாள்.

“ஒரு ஊர்ல… ஒரு தச்சன் இருந்தானாம். அவன் சீனியில ஒரு குதிர செஞ்சானாம்.”

உள்ளே சத்தமில்லை. ராஜலிங்கம் கையை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தான்.

அப்புறம், கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி, “சீனி இல்லடி… உப்பு” என்று கேட்டது.

படுபாவி மனுசன்! சுவரைப் பார்த்துக் குறட்டை விட்டதெல்லாம் வேஷமா? பயத்தில் நாக்குத் தவறித்தான் சீனி என்றிருந்தாள். நல்லாச் சொன்னால் வாய் திறக்காத ஆள், தப்பாகச் சொன்னால் திறக்கிறாரே! சரி, தப்பாகவே சொல்வோம்.

“அதுமேல ஒரு ராசகுமாரன் ஏறுனானாம்.”

“பொண்ணு…”

“ரெண்டு ஆறு தாண்டணுமாம்.”

“மூணு.”

“மொத ஆத்துல குதிரைக்குக் காது கரஞ்சிச்சாம்.”

“வாலுடி… வாலு.”

ஒவ்வொரு பதிலும் முந்தியதைவிட மெலிந்துகொண்டே வந்தது. அவளுக்குக் கை விறைத்துவிட்டது. மேலே மண் பொலபொலவென்று உதிர்ந்தது, “அக்கா, தள்ளிப் போங்க” என்று யாரோ கத்தினார்கள். அவள் அசையவில்லை. இரண்டாவது ஆற்றை இழு இழுவென்று இழுத்தாள். மீன் வந்தது, முதலை வந்தது, கதையிலேயே இல்லாத ஓடக்காரனும் வந்தான். அப்படியும் மூன்றாவது ஆறு வந்துவிட்டது.

“கரையில ஏறுனதும்… குதிர கரஞ்சிரும்ல” என்றார் உள்ளேயிருந்து. “சொல்லி முடி புள்ள. தூக்கம் வருது.”

அந்த முடிவுக்காகவேதான் அவளுக்கு அந்தக் கதை பிடிக்கும். பெண்ணைக் கரையில் இறக்கிவிட்டு உப்புக் குதிரை கரைந்துபோகிற இடத்தில் பிள்ளைகள் விம்முவார்கள், அவளும் சேர்ந்து சுகமாக அழுவாள். அந்த அழுகை இப்போது அவளுக்கு வேண்டவே வேண்டாம்.

“கரையல” என்றாள். “கரையேறி, ஈரத்த ஒதறிட்டு, கிண்ணுன்னு நின்னுச்சு. அந்தப் புள்ளகூடவே வீட்டுக்குப் போயிருச்சு.”

அதுவரை சொன்னதிலேயே பெரிய தப்பு இது. திருத்தாமல் விடுகிற ஆளா அவர்? காத்திருந்தாள். உள்ளே மூச்சுக்கூடக் கேட்கவில்லை.

“என்னாங்க! நான்தான் சொல்றேன்ல, கரையல! கேக்குதா?”

கல் ஒன்று அவள் தோளில் பட்டு உருண்டது. வலி தெரியவில்லை.

“ம்” என்றார் இருளப்பன்.

ராஜலிங்கம் இரும்பு அலவாங்கைச் சுவருக்கடியில் கொடுத்து நெம்பினான். நான்கு பேர் சுவரைத் தோள் கொடுத்துத் தூக்க, இரண்டு பேர் அவரை உருவி எடுத்தார்கள்.

இப்போது அவர்கள் இருப்பது தற்காலிகக் கூடாரத்தில். இருளப்பனின் இடது காலுக்குள் கம்பி வைத்திருக்கிறார்கள். வடிவம்மா ராட்சசன் கதையை வாங்குவதில்லை, கிளிக் கதையோடு சரி. மழை இருட்டினால் போதும், கையிலிருக்கிற புத்தகம் ஆட ஆரம்பித்துவிடும், எழுத்துத் தெரியாது, வாயும் வராது. அப்போது இருளப்பன் கம்பை ஊன்றிக்கொண்டு மெதுவாக வந்து பக்கத்தில் உட்காருவார். அவள் ஒரு சொல்லும் சொல்லியிருக்க மாட்டாள், அதற்குள் “ம்” என்பார்.