பலகையில் எழுதிய துவட்டல்

எங்கள் ஆஸ்பத்திரி கேண்டீனில் சமைக்கிற பெரியக்காவுக்குப் பயம் கூடப்பிறந்தது. அடுப்பை அணைத்துவிட்டு மூன்று தரம் திரும்பிப் பார்ப்பாள். பல்லி விழுந்திருக்குமோ என்று மூடிய பாத்திரத்தைத் திறப்பாள். திறந்த நேரத்தில் விழுந்திருந்தால் என்று மறுபடியும் திறப்பாள். பதினோரு வருஷமாகப் பக்கத்தில் நின்று பொட்டலம் கட்டும் எனக்கு இன்னும் பைத்தியம் பிடிக்காதது என் சமர்த்து.

அவள் பயமில்லாமல் செய்கிற ஒரே பதார்த்தம் துவட்டல். வாழைக்காயை அரைவேக்காடாக எடுத்து, நீரை வடித்து, மஞ்சளும் மிளகும் போட்டு, ஈரம் போகும்வரை வாணலியில் புரட்டுவது. எந்தக் காயை அப்படிப் புரட்டினாலும் துவட்டல்தான் என்பவர்கள் உண்டு. அவள் வீட்டில் துவட்டல் என்றால் வாழைக்காய், வேறு பேச்சில்லை. பலகையிலும் வெறும் 'துவட்டல்' என்றே எழுதுவாள். "சாதம்னு எழுதினா பக்கத்துல அரிசின்னு எழுதுறோமா?" என்பாள். வருகிறவர்கள் என்ன காய் என்று கேட்டு வாங்கிக்கொள்வார்கள்.

அன்று மத்தியானம், புதிதாக வந்த டயட்டீஷியன் மேடம் கீழே சாப்பிட வந்தார். "பெரியக்கா, துவட்டல்னா கோஸ்தானே?"

"வாழைக்காய்."

மேடத்தின் முகம் வெளுத்தது. "பதினேழாம் பெட்டுக்காரர் சம்சாரம் அவருக்குத் துவட்டல் குடுக்கலாமான்னு கேட்டாங்க. கோஸா இருக்கும், குடுங்கன்னுட்டேன். அவருக்குக் கிட்னி வேலை செய்யல. வாழைக்காய்ல பொட்டாசியம் ஜாஸ்தி, ஆகவே ஆகாது. இதயமே நின்னு போயிடும்."

பொட்டலம் கட்டியது நான்.  பெரியக்கா கரண்டியோடு ஓடினாள், பின்னாலேயே நானும். லிஃப்டுக்கு நிற்கவில்லை. மூன்று மாடியும் "என் கையால, என் கையால" என்று முனகிக்கொண்டே ஏறினாள்.

மனிதர் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மனைவி தட்டு கழுவப் போயிருந்தாள். பொட்டலக் காகிதம் காலியாகக் கிடந்தது.

"ஐயா, அது வாழைக்காய். எழுதாம விட்டது என் தப்பு" என்றாள் பெரியக்கா.

"தெரியும்மா." குரலைத் தாழ்த்தினார். "எங்கம்மாவும் வாழைக்காயத்தான் துவட்டல்னு சொல்லுவாங்க. இவளுக்குத் தெரியாது. போர்டுல இருக்கறத இவ சொன்னப்ப, அதையே வாங்கிட்டு வான்னுட்டேன். நாலு மாசமா நாக்கு செத்துக் கிடக்கு. யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

அவள் சமைக்க வந்த பத்தொன்பது வருஷத்தில் என்ன காய் என்று கேட்காத முதல் ஆள்.  பெரியக்கா அழப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் தலைமாட்டு மணியை அழுத்தினாள். நர்ஸ் வரும்வரை கையை எடுக்கவில்லை.

மார்பில் ஒயர் ஒட்டினார்கள், ஊசி போட்டார்கள், ரத்தம் எடுத்தார்கள். நாங்கள் வெளியே பெஞ்சில் இரண்டரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். அவள் கரண்டியைக் கீழே வைக்கவே இல்லை.  கடைசியில் டாக்டர் வந்து, உடனே சொன்னதால் தப்பித்தார் என்றார்.

உள்ளே எட்டிப் பார்த்தோம். எங்களைக் கண்டதும் அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

"கோவமா இருக்காரு" என்றேன்.

"இருக்கட்டும்" என்றாள் பெரியக்கா. "கோவப்பட இருக்காருல்ல, அது போதும்."