கார் ஷெட்டின் மேற்குப் பக்கம்

நம் வீட்டுக் கார் ஷெட்டை அடைத்த விஷயம் பெரியவன், சின்னவள் உங்கள் இருவருக்கும் ஆளுக்குப் பாதிதான் தெரியும். அதனால் முழுதாக எழுதி வைக்கிறேன். நான் எட்டாவது வரை படித்து, மில்லில் வேலை பார்த்தவன். தப்பு இருந்தால் திருத்தி வாசித்துக்கொள்ளுங்கள்.

பெரியவன் சென்னையில் கார் வாங்கி, அங்கே நிறுத்த இடம் கிடைக்காமல் ராஜபாளையத்தில் கொண்டுவந்து விட்டுப் போனான். வீட்டுச் சுவரை ஒட்டி, மேற்கே மூன்று பைப் நட்டு மேலே தகர ஷீட் போட்டோம். தெருப் பக்கம் கார் நுழைகிற வழி. மேற்கும் பின்புறமும் திறந்தே கிடந்தன. உங்கள் அம்மா பைப்புக்குப் பைப் கயிறு கட்டித் துணி காயப்போட்டாள். அவள் இருந்த வரை அதை அடைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

அவள் போன பிறகு வீட்டில் நான், வெளியே கார். அவ்வளவுதான். ஆனி மாதம் மலையிலிருந்து காற்று இறங்கினால் சாரல் குறுக்கே அடிக்கும். கவர் போட்டிருந்தாலும் காற்று அதைத் தூக்கிவிடும். விடிந்ததும் போய்ப் பழைய வேட்டியால் துடைப்பேன். அப்படியும் முன் கதவின் அடியில் லேசாகத் துரு ஏறிவிட்டது. பெரியவன் வீடியோவில் அதைப் பார்த்தான்.

"இது வீணாப் போயிரும்ப்பா. பேசாம அங்கயே யாருக்காச்சும் வித்துருவோம்" என்றான்.

பார்ப்போம் என்றேன். ஆனால் விற்க எனக்கு இஷ்டமில்லை. ஏன் என்று அவனுக்குத் தெரியாது. அவன் ஊருக்கு வந்தால் வீட்டுக்குள் செல்போனும் கையுமாக இருப்பான். கேட்டதற்கு உம் என்பான், ம்ஹூம் என்பான். மறுநாள் காலையில் காரின் பேட்டரி வயரை மாட்டிவிட்டு, "வாங்கப்பா, ஒரு சுத்து போயிட்டு வருவோம்" என்பான். அய்யனார் கோவிலுக்குப் போவோம். இல்லையென்றால் ஸ்ரீவில்லிபுத்தூர் போய்ப் பால்கோவா வாங்கிக்கொண்டு வன்னியம்பட்டி வழியாகச் சும்மா சுற்றிவிட்டு வருவோம். ரோட்டைப் பார்த்து ஓட்டிக்கொண்டே பேசுவான். ஆபீஸில் நடந்தது, கழுத்து வலி, அம்மா ஞாபகம், எல்லாம் அப்போதுதான் வரும். என் முகத்தைப் பார்த்து அவன் பேசின பேச்சை எண்ணிவிடலாம். கார் போனால் அந்தப் பேச்சும் போய்விடும். அதனால்தான் ஷெட்டை அடைப்பது என்று முடிவு செய்தேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஷீட் வேலை செய்கிற பாய் ஒருவரைக் கூட்டிவந்தேன். அவர் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"வண்டிய வெளிய எடுத்துட்டா வேலைக்குத் தோதா இருக்கும் அண்ணாச்சி."

"எடுக்க ஆளில்ல பாய். எனக்கு ஓட்டத் தெரியாது. அது பாட்டுக்கு நிக்கட்டும்."

பழைய பைப்பிலேயே ஷீட்டை அடிக்கலாம் என்றார் பாய். நான் கேட்கவில்லை. கூரை ஒரு முழம் வெளியே நீண்டிருந்தால்தான் சாரல் அடியில் நுழையாது என்பது என் கணக்கு. பின்புறத்தை நேராக அடைத்துவிட்டு, மேற்கு ஷீட்டை மட்டும் பைப்பிலிருந்து உள்ளே தள்ளி அடிக்கச் சொன்னேன்.

"ரொம்ப நெருக்கமா இருக்கே. செத்த தள்ளிப் போடுவமா?"

"தள்ளிப் போட்டா தண்ணி உள்ள வந்துரும். நெருக்கமாவே இருக்கட்டும்."

"ஷெட்டு உங்க ஷெட்டு, எனக்கென்ன" என்று சிரித்துக்கொண்டே வேலையைத் தொடங்கினார். சாயங்காலத்துக்குள் முடிந்தது. போட்டோ எடுத்து அனுப்பினேன். சின்னவள் கோயம்புத்தூரிலிருந்து, "என்னப்பா, கோழிக்கூண்டு மாதிரி இருக்கு" என்று எழுதியிருந்தாள். பெரியவன் கட்டைவிரல் படம் ஒன்று போட்டான்.

ஐப்பசி மழை அடித்து ஊற்றியது. ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. குடையைப் பிடித்துக்கொண்டு போய் நின்று பார்த்தேன்.

கார்த்திகையில் ஒரு கல்யாணத்துக்காகப் பெரியவன் வந்தான். கவரை உருவிப் பார்த்து, "அட, அப்படியே இருக்கே" என்றான். எனக்கு வாயெல்லாம் பல். சாவியைப் போட்டுக் கதவை இழுத்தான். கதவு ஒரு ஜாண் திறந்து ஷீட்டில் முட்டி நின்றது. அந்தப் பக்கம் வீட்டுச் சுவர். அதிலும் வழி இல்லை.

"ப்பா, நான் என்ன எலியா? எப்படி உள்ள போக?"

கார் நிற்க இடம் அளந்தேன், ஆள் ஏற இடம் அளக்கவில்லை. வருஷம் முழுக்க அது நிற்பதைத்தான் பார்க்கிறேன். கதவு திறந்து ஒரு ஆள் இறங்குவதைப் பார்த்து எத்தனையோ மாதம் ஆகியிருந்தது. அந்த நினைப்பே எனக்கு இல்லாமல் போயிருந்தது.

கடைசியில் தெருப் பக்கம் இருந்த டிக்கியைத் திறந்து அதன் வழியாக அவன் ஊர்ந்து போனான். அடுத்த வீட்டம்மா வாசலில் நின்று, "என்னண்ணே, பெத்த மகன மூட்டை மாதிரி பின்னால போட்டு ஏத்துதிய!" என்று சிரித்தாள். பெரியவன் உள்ளே கிடந்தபடியே சிரித்தான். பிரேக்கை விட்டதும், சரிவில் கார் தானாகத் தெருவுக்கு இறங்கியது. அந்தச் சிரிப்போடு ஒரு சுற்றுக்குக் கூப்பிடுவான் என்று சட்டையை மாற்றிக்கொண்டு வந்தேன்.

"வண்டி நல்லா இருக்குப்பா. இப்ப இருக்கற வீட்டுல பார்க்கிங் உண்டு. கையோட கொண்டு போயிருதேன்" என்றான்.

"கொண்டு போ" என்றேன். வேறு என்ன சொல்ல? மறுநாள் கிளம்பிவிட்டான்.

பிறகு அந்த ஷெட்டைப் பார்க்கவே பிடிக்கவில்லை. காலையில் வேட்டித் துணியை எடுத்துக்கொண்டு போய்விட்டு, துடைக்க ஒன்றும் இல்லாமல் திரும்பியிருக்கிறேன். அடுத்த வீட்டம்மா, "வாடகைக்கு விடுங்கண்ணே, நாலு பைக் நிக்கும்" என்றாள். நல்ல யோசனைதான். மனம் வரவில்லை.

தை பிறப்பதற்கு முன் பாயை மறுபடியும் கூப்பிட்டேன். மேற்குப் பக்கத்தை வெளியே தள்ள வேண்டும் என்றேன்.

"அப்பமே சொன்னேம்லா அண்ணாச்சி. இப்ப காரே இல்ல, யாருக்கு?"

"வந்தா எறங்கணும்லா பாய்."

அவர் அதற்கு மேல் கேலி பேசவில்லை. "பழைய பைப்பயும் தாண்டிப் போவணும், மேல கூரையும் நீட்டணும். கார்க் கதவு எம்புட்டு விரியும்னு அளவு வேணும்" என்றார்.

எனக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமைதானே என்று பெரியவனுக்குப் போன் போட்டேன்.

"கீழ போயி கார்க் கதவ முழுசாத் தெறந்து, எம்புட்டு அகலம் விரியுதுன்னு அளந்து சொல்லுடா."

"எதுக்குப்பா? வண்டிதான் இங்க இருக்கே."

அப்போதுதான் சொன்னேன். "நீ வண்டி ஓட்டும்போதுதான்டா எங்கூட பேசுத. அது இங்க வந்தா ஒழுங்கா ஏறி எறங்கணும். அதுக்குத்தான்."

போனில் அவன் படி இறங்குகிற சத்தம் கேட்டது. கதவு திறந்தது கேட்டது.

"டேப் இல்லப்பா, ஜாண் போட்டுச் சொல்லட்டுமா?" என்றான். கூடவே, "பொங்கலுக்கு லீவு கெடைக்குமான்னு தெரியலப்பா" என்றும் சொன்னான்.

"எப்போன்னு நான் கேக்கலடா. எம்புட்டுன்னுதான் கேட்டேன்."

"நாலு ஜாண்" என்றான்.

பாயிடம் ஐந்து என்று சொன்னேன்.