முதல் பக்கத்தோடு நின்றுபோகும் பியானோ

எங்கள் வீட்டு மாடியில் இருக்கும் பியானோவுக்குள் ஒரு பல்பு எரியும். கொடைக்கானலை ஒட்டிய எங்கள் வட்டக்கானலில் மழைக்காலம் வந்தால் மேகம் ஜன்னல் வழியாக உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். துணி காயாது, உப்பு ஜாடியில் தண்ணீர் நிற்கும், பியானோக் கட்டைகளை அழுத்தினால் அழுத்தின இடத்திலேயே கிடக்கும். உள்ளே ஒரு குண்டு பல்பை எரியவிட்டால் அந்தச் சூட்டில் மரம் ஈரம் பிடிக்காது என்று, பியானோவை வண்டியிலிருந்து இறக்கிவைத்த ஆட்கள் சொல்லிவிட்டுப் போனார்கள். ஒரு பங்களாவைக் காலி செய்தவர்கள் மெத்தை பீரோவோடு சேர்த்து எங்கள் தலையில் கட்டிய பியானோ அது. எங்கள் விடுதிக்குத் தங்க வருகிற விருந்தினர்களுக்கு வெந்நீர் போட ஹீட்டர் போதவில்லை என்று நான் புலம்பிக்கொண்டிருந்த காலத்தில், ஒரு மரப்பெட்டிக்குக் குளிரக் கூடாது என்று மாடிக்கும் கீழுக்கும் நடந்து பல்பைப் பார்த்துக்கொண்டவர் என் நாத்தனார்.

அவர் என் கணவருக்கு மூத்தவர். கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவர். கொடைக்கானல் ஊருக்குள் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்த்து, ஓய்வு பெற்றதும் எங்களோடு வந்து மாடி அறையை எடுத்துக்கொண்டார். நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அலுவலகத்தில் அவருடைய மேஜைக்குப் பின்னால் இருந்த சுவருக்கு அந்தப் பக்கம் இசை வகுப்பு. வசதியான வீட்டுப் பிள்ளைகள் பியானோ வாசிப்பதைக் காலமெல்லாம் முதுகால் கேட்டுக்கொண்டிருந்தவர் அவர். எங்கள் தேவாலயச் சபையில் பாட்டுக்கு வாசிக்கிற ஒருவரிடம் நோட்டுப் பார்த்து வாசிக்கப் படித்திருந்தார். ஞாயிற்றுக்கிழமைப் பாடல்களைச் சபையில் ஒழுங்காக வாசிப்பார், அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் வீட்டுப் பியானோவில் அவற்றைத் தொடமாட்டார். "அது எல்லாரும் பாடுறதுக்கு. பியானோன்னா அது இல்ல" என்பார்.

பியானோ என்றால் அவருக்கு ஒன்றே ஒன்றுதான். எந்தக் காலத்திலோ இறந்துபோன ஒரு ஐரோப்பியப் பெரியவர் எழுதியது. பெயர் தெரியாதவர்களுக்கும் கேட்டால் தெரியும், அப்படிப் பிரபலம். அதன் முதல் பக்கத்தை அக்கா வாசித்தால் நன்றாகவே இருக்கும். பக்கத்தைத் திருப்பியவுடன் இடதுகை அகலமாக விரிய வேண்டிய இடம் ஒன்று வரும். அக்காவுக்குச் சின்னக் கை. என் மகள் பள்ளிக்கூடத்துக்குப் போட்டுப்போன வளையல் இப்போதும் அவருக்குப் போகும். சுண்டுவிரல் ஒரு ஓரத்தில் நின்றால் பெருவிரல் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குச் சேராது. அங்கே நிற்பார். கொஞ்ச நேரம் சத்தமே இருக்காது. பிறகு மறுபடியும் முதல் பக்கம்.

ஏதோ ஒரு மாதம் இரண்டு மாதம் என்றால் பொறுத்துக்கொள்ளலாம். வருஷக்கணக்காக இதே பாடு. விருந்தினருக்கு ஆம்லெட் போடும்போது முதல் பக்கம். படுக்கை விரிப்புகளை மடிக்கும்போது முதல் பக்கம். என் கணவர் குளிக்கும்போது அதைச் சீட்டியடிப்பார், சரியாக அந்த இடத்தில் சீட்டியும் நின்றுபோகும். பெங்களூரிலிருந்து வந்து தங்கிப்போன ஒருவர் எங்கள் விடுதியைப் பற்றி இணையத்தில் எழுதியிருந்தார்: சாப்பாடு அருமை, வெந்நீர் தாமதம், மாடியில் ஒரு அம்மா பியானோ வாசிக்கிறார், அது எப்படி முடியும் என்று தெரியாமலேயே ஊர் திரும்பினோம். படித்துவிட்டு என் கணவர் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அது எப்படி முடியும் என்று எனக்கு மட்டும் தெரியுமா? வேறு ஏதாவது சுலபமாக வாசியுங்களேன் அக்கா என்று எத்தனையோ தடவை சொல்லியாயிற்று. "சுலபம்னா பிள்ளைங்க வாசிக்கிறதுதான் கெடக்கு. வாத்து நீந்துது, முயல் குதிக்குது. இந்த வயசுல நான் முயல் வாசிக்கணுமா?" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

வெறும் வீட்டுத் தொல்லையாக இருந்திருந்தால் இதை எழுதவே உட்கார்ந்திருக்க மாட்டேன். நான் இந்தக் குடும்பத்துக்கு வருவதற்கு முன்பு, பள்ளியில் ஒரு பிரிவு உபசார விழாவில் அக்கா அதை வாசிக்க மேடை ஏறியிருக்கிறார். அதே இடத்தில் நின்றிருக்கிறார். முதலிலிருந்து ஆரம்பித்து மறுபடியும் நின்று, பின்பக்கமாக இறங்கி, பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டார். கொடைக்கானல் சின்ன ஊர். எல்லோருக்கும் தெரிந்த கதை, அவர் முன்னால் மட்டும் யாரும் பேசாத கதை. அதற்குப் பிறகு நாலு பேருக்கு முன்னால் அவர் தனியாக எதையும் வாசித்ததில்லை. சபைக்குப் புதிதாக வந்த போதகரின் மனைவிக்கு இந்தக் கதை தெரியாது. டீ குடிக்க வந்த இடத்தில் பியானோவைப் பார்த்துவிட்டு, கிறிஸ்துமஸ் கூடுகையில் தனியாக ஒன்று வாசியுங்கள் என்று கேட்டார். அக்கா சரி என்று சொல்லிவிட்டார்.

எதை வாசிக்கப் போகிறார் என்று கேட்கத் தேவையே இல்லை. என் கணவருக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. "இன்னொருக்கா எல்லாரு முன்னாடியும் நின்னுபோச்சுன்னா, அதுக்கப்புறம் அக்கா பியானோ பக்கமே போகாது பாத்துக்க" என்றார். அப்படிப் போகாமல் இருந்தால் எவ்வளவு நிம்மதி என்று நான் எத்தனையோ நாள் நினைத்திருக்கிறேன். அவர் வாயால் அதைக் கேட்டபோது எனக்குப் பயமாகத்தான் இருந்தது.

அந்த நவம்பரில் கோயம்புத்தூரிலிருந்து ஒரு பல் டாக்டரம்மா தங்க வந்தார். மழை விடவே இல்லை. வெளியே போக முடியாத எரிச்சலில், அக்கா கடைக்குப் போயிருந்த நேரமாகப் பார்த்து மாடிக்குப் போய்ப் பியானோவைத் திறந்து எதையோ வாசித்தார். நான் கீழே வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். ஆர்ப்பாட்டம் எதுவும் இல்லாமல், யாரோ பேச்சுக் கொடுப்பதுபோல ஆரம்பித்தது. நடுவில் ஒரு இடத்தில் மனசைக் கொஞ்சம் பிசைந்தது. பிறகு முடிந்தது. கத்தியைக் கீழே வைத்துவிட்டேன். எங்கள் வீட்டுப் பியானோவில் ஒன்று முடிந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

மேலே ஓடிப்போய், யார் எழுதியது என்று கேட்டேன். "ஒரு லேடிங்க. உசுரோட இருக்கறவங்கதான். போன மாசம் மெயில் போட்டேன், பதில் கூட போட்டாங்க" என்றார் டாக்டரம்மா. கையை நீட்டிக் காட்டினார். அவருக்கும் சின்னக் கை. பெரியவர்கள் எழுதியதோடு பல காலம் மல்லுக்கட்டிப் பார்த்து, வெறுத்துப்போய் விட்டுவிட்டாராம். பிறகு தற்செயலாக இணையத்தில் ஒரு பெண்மணி எழுதியதைக் கேட்டு, அவரிடமிருந்து இன்னொருவர், அவரிடமிருந்து இன்னொருவர் என்று தேடிக்கொண்டே போயிருக்கிறார். "இப்ப நெறைய பொம்பளைங்க எழுதறாங்க. தனியா உக்காந்து வாசிக்கறதுக்குன்னே. ரெண்டு பக்கம், மூணு பக்கம் வருமுங்க. கையை ஒடிக்காது. அதுக்காகக் கொழந்தைங்க வாசிக்கறதுன்னும் சொல்ல முடியாதுங்க." எனக்கு வந்தது சந்தோஷம் இல்லை, ஆத்திரம். இத்தனை வருஷமாக இதெல்லாம் எங்கே இருந்தது? சுவருக்கு அந்தப் பக்கம் இதை ஒருவர்கூடவா வாசிக்கவில்லை?

டாக்டரம்மா நாலைந்து பேரின் பெயர்களைக் கைப்பேசியில் அனுப்பிவிட்டு ஊருக்குப் போனார். துணி மடிக்கும் நேரமெல்லாம் காதில் மாட்டிக்கொண்டு கேட்டேன். எனக்குச் சங்கீதம் தெரியாது. எல்லாம் நன்றாக இருந்தது என்றும் சொல்லமாட்டேன், ஒன்றைக் கேட்டுத் தூங்கிவிட்டேன். ஆனால் ஒவ்வொன்றும் ஒரு இடத்தில் ஆரம்பித்து, ஒரு இடத்தில் போய்ச் சேர்ந்தது. எனக்கு அது போதும். மூன்றின் நோட்டை மட்டும் காசு கட்டி இணையத்திலிருந்து இறக்கி, ஊருக்குள் ஜெராக்ஸ் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் ஒரு பக்கத்தைத் தலைகீழாக அடித்துக் கொடுத்தார். கேட்டால், "எறும்பு ஊர்ந்தாப்ல இருக்குங்க மேடம். இதுல எது மேல, எது கீழன்னு நான் என்னத்தக் கண்டேன்?" என்றார். திரும்ப அடிக்க வைத்து, மழையில் நனையாமல் சேலைக்குள் வைத்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன்.

அக்கா அவற்றை வாங்கி மேலும் கீழும் பார்த்தார். "நோட்டு ரொம்பக் கம்மியால்ல கெடக்கு" என்றார். பிறகு பெயர்களைப் பார்த்தார். "யாரு இவங்க? கேள்விப்பட்டதே இல்லையே. பொம்பளைங்களா?" என்றார். பொம்பளைங்கதான் அக்கா, உயிரோடு இருக்கிறவர்கள் என்றேன். "உசுரோட இருக்கவங்க எழுதுனதெல்லாம் நல்லாருக்குமா இல்லையான்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டார் பாருங்கள், அதற்குமேல் என்னால் முடியவில்லை. "நீங்க கேள்விப்பட்ட ஆளு எழுதுனதோட ரெண்டாம் பக்கத்த இந்த வீட்ல நாங்க ஒருத்தருமே இன்னும் கேள்விப்படலைக்கா" என்றேன்.  அக்கா காகிதங்களை மேஜையில் வைத்து, அவற்றின்மேல் டீக் கிளாசை வைத்தார். அதற்குப் பிறகு சில நாட்கள் என்னோடு பேச்சுவார்த்தை இல்லை. உப்பு வேண்டுமென்றால்கூடத் தம்பியிடம்தான் கேட்டார்.

பேசாமல் இருந்த அந்த நாட்களில்தான் அவர் அதை வாசித்துப் பார்த்திருக்கிறார். ஆசையால் இல்லை, இதில் ஒன்றுமே இல்லை என்று என்னிடம் நிரூபிப்பதற்காக. ஒரு மத்தியானம் மாடிப்படியின் பாதியில் நின்றுகொண்டு, "வாசிச்சுட்டேன். ஒண்ணும் இல்ல அதுல" என்று அறிவித்துவிட்டு மேலே போனார். ஒன்றும் இல்லாததை உடனே இன்னொரு முறை வாசித்தார். மறுநாள் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். "இங்க பாரு, நல்லாப் போயிட்டிருக்கு. இந்த எடத்துல எதுக்கு இந்தம்மா இப்படி வெரசா ஓடுது? அடுப்புல என்னமோ வெச்சுட்டு வந்து எழுதியிருக்கு" என்றார். இன்னொருவர் எழுதியதில் ஒரே சோகமாம், அந்தம்மாவுக்கு வீட்டில் ஏதோ சரியில்லையாம். மூன்றாமவர் பரவாயில்லை, ஆனால் சொன்னதையே சொல்கிறாராம். சொன்னதையே சொல்வதைப் பற்றி யார் குறை சொல்வது என்று எனக்கு நாக்கு நுனிவரை வந்தது, அடக்கிக்கொண்டேன்.

அன்றைக்குத்தான் எனக்கு ஒன்று உறைத்தது. அந்தப் பெரியவரைப் பற்றி அக்கா ஒரு நாளும் ஒரு குறை சொன்னதில்லை. அவர் எழுதியது எட்டவில்லை என்றால் தப்பு தன் கையில் என்றே இத்தனை வருஷமும் நம்பியிருந்தார். இந்தப் பெண்களோடு மட்டும்தான் அவரால் பக்கத்து வீட்டுக்காரர்களோடு போடுகிற மாதிரிச் சண்டை போட முடிந்தது. வாசிப்பதில் இப்படியும் ஒரு சந்தோஷம் இருக்கும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

இவ்வளவுக்குப் பிறகாவது, கூடுகையில் எதை வாசிக்கப் போகிறீர்கள் என்று கேட்டால் நேராகப் பதில் சொல்லியிருக்கலாம் இல்லையா? சொல்லவில்லை. "சோலியப் பாரு" என்றார். பெரியவரின் முதல் பக்கம் மறுபடியும் மாடியில் கேட்க ஆரம்பித்தது. நடுநடுவே அந்த அம்மாள்கள் எழுதியதும் கேட்டது. கூடுகைக்குக் கிளம்பும்போது அக்கா இரண்டையும் பையில் எடுத்து வைத்துக்கொண்டார். என் கணவர் பையைத் திறந்து பெரியவரை மட்டும் எடுத்து ஒளித்துவிடலாமா என்றுகூட யோசித்தார். நான்தான் வேண்டாம் என்றேன்.

கூடுகை சபை மண்டபத்தில். பிளாஸ்டிக் நாற்காலிகள், ஆளுக்கொரு தட்டில் கேக்கும் மிக்சரும், தலையில் துண்டு கட்டிய மேய்ப்பர்களாகப் பிள்ளைகள். அவர்கள் இறங்கிப் போனதும் போதகரின் மனைவி அக்காவைக் கூப்பிட்டார். அவர் மேடைக்கு நடந்தபோது பழைய ஆட்கள் சிலர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டதை நான் பார்த்தேன். அக்கா உட்கார்ந்து, காகிதத்தை விரித்து, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். முதல் சத்தம் வந்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. பெரியவர் இல்லை. அடுப்பில் எதையோ வைத்துவிட்டு வந்த அம்மாள்.

அந்த அம்மாள் ஓடின இடத்தில் அக்கா ஓடவில்லை. தன் இஷ்டத்துக்கு நிதானமாகப் போனார். பக்கத்தைத் திருப்பினார். இடதுகை போக வேண்டிய இடத்துக்கு எந்தச் சிரமமும் இல்லாமல் போனது. கடைசியில் சத்தம் குறைந்துகொண்டே வந்து, பேசி முடித்தவர் எழுந்து போவதுபோல் முடிந்தது.

மண்டபத்தில் யாரும் கைதட்டவில்லை. சுற்றிப் பார்த்தேன். எல்லோரும் மடியில் இருந்த தட்டைப் பார்த்துக்கொண்டு குனிந்திருந்தார்கள். மறுபடியும் நின்றுவிட்டார் என்று நினைத்து, அவரை நிமிர்ந்து பார்த்துச் சங்கடப்படுத்தக் கூடாது என்று இரக்கத்தோடு குனிந்திருந்தார்கள். அந்த இரக்கத்தைப் பார்த்து எனக்கு வந்த கோபம் என் கல்யாணத்துக்குப் பிறகு யார்மீதும் வந்ததில்லை. முடிந்துவிட்டது என்று கத்த வேண்டும்போல் இருந்தது.  பக்கத்தில் அவருடைய சொந்தத் தம்பியே கண்ணை மூடிக்கொண்டு குனிந்துதான் இருந்தார்.

 முடித்த பிறகு என்ன செய்வது என்று அக்காவுக்கும் தெரியவில்லை, பழக்கமில்லாத விஷயம். பிறகு நாற்காலியில் திரும்பி எங்கள் எல்லோரையும் ஒரு பார்வை பார்த்தார். பள்ளிக்கூட அலுவலகத்தில் வரிசையில் நிற்கிறவர்களை அதட்டுகிற அதே குரலில், "எல்லாரும் எதுக்குக் குனிஞ்சுக்கிட்டு உக்காந்திருக்கீங்க? நிக்கலைங்க, முடிஞ்சிருச்சு. நிமிருங்க" என்றார்.