ரிப்பேர் நோட்டைப் பார்க்காத கட்டுரை

“அந்த ஸ்டீம் வால்வு கசியுதுன்னு முந்தின நாளே நோட்டுல எழுதி வச்சேன்டி,” என்றார் பெரியம்மா.

“எந்த நோட்டு?”

“ரிப்பேர் நோட்டு. சூப்பர்வைசர் ரூம்ல அடுக்கி வச்சிருப்பாங்க. கோழி கிளறின மாதிரி இருக்குமே, அதுதான் என் எழுத்து. போய்ப் பாரேன்.”

“நியூஸ் பேப்பர்ல, நீங்க வால்வை மூட மறந்துட்டீங்கன்னு போட்டிருக்கே.”

“பேப்பர்காரன் என்னை வந்து கேட்டானா? நான் கை வெந்தவ பக்கத்துல உக்காந்திருந்தேன். நீயாவது கேக்குறியே.”

பெரியம்மா, என் அம்மாவின் அக்கா. ஒரு மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் இருபத்தாறு ஆண்டுகளாகப் படுக்கை விரிப்புகளோடு இருப்பவர். ஒருநாள் நீராவி பீறிட்டு உடன் வேலை செய்தவளின் கை வெந்தது. பழி இவர் மேல் விழுந்தது. வேலை போகவில்லை. இயந்திரத்திலிருந்து மடிக்கும் மேசைக்கு மாற்றிவிட்டார்கள். “மறதி மகாராணி” என்று கூடத்தில் பட்டப்பெயர். கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார்; சிரிக்கமாட்டார்.

சலவைத் தொழிலாளர் பாதுகாப்பு பற்றிய என் கல்லூரி ஆய்வுக் கட்டுரைக்கு அந்த விபத்தை எடுத்துக்கொண்டேன். மருத்துவமனை பஸ்ஸில் இருபது நிமிடம். கெடு நெருங்கியதால் நோட்டைப் பார்க்கப் போகவில்லை. செய்தித்தாளின் தேதி, பக்கம் எல்லாம் பிசகாமல் அடிக்குறிப்பில் கொடுத்து, “ஊழியரின் கவனக்குறைவால்” என்று ஆங்கிலத்தில் எழுதினேன். பெரியம்மா சொன்னது, “சரிபார்க்கப்படாத நேர்காணல்” என்று கீழே ஒரு வரியானது. நல்ல மதிப்பெண் வந்தது.

மறு ஆண்டு வேறொரு மாணவி, அந்தச் செய்தித்தாளோடு என் கட்டுரையையும் ஆதாரமாகக் காட்டியிருந்தாள். ஒரே பழிக்கு இரண்டு சாட்சி. அன்றுதான் பஸ் ஏறினேன். பழைய நோட்டுகளைக் கழித்துக்கட்டி ஆறு மாதம் ஆகிறது என்றார் மருத்துவமனை ஸ்டோர்காரர்.

“போன வருஷம் வந்திருந்தா நீங்களே புரட்டிப் பாத்திருக்கலாம்மா.”

பெரியம்மாவிடம் இதை நான் இன்னும் சொல்லவில்லை. சொல்ல முடியாமல் செய்துகொண்டதும் நான்தான். மதிப்பெண் வந்த வாரம், கட்டுரையைத் தமிழில் படித்துக் காட்டச் சொன்னார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. வரிவரியாகச் சொல்லிக்கொண்டே வந்தேன். விபத்து வந்ததும் என் வாய் தானாக, “ஊழியர் முந்தின நாளே நோட்டில் எழுதி வைத்திருந்தார்” என்று தாளில் இல்லாததைப் படித்தது.

அந்த வரியை இன்னொரு முறை படிக்கச் சொன்னார். பிறகு கேட்டார்:

“எங்க கூடத்து ஆளுங்களை ஞாயித்துக்கிழமை வரச் சொல்றேன். அவங்களுக்கும் இதைப் படிச்சுக் காட்டுறியா?”