அத்தை பீரோவில் பூட்டி வைத்த மெமரி கார்டு

போன வருஷம் அத்தையின் புது வீட்டுப் பால்காய்ச்சுக்கு என் டிஜிட்டல் கேமராவில்தான் படம் எடுத்தோம். மறுநாள் நண்பர்களோடு சுருளி அருவிக்குக் கிளம்பினேன். கார்டில் இடமில்லை. காப்பி எடுக்கச் சோம்பல்பட்டு எல்லாவற்றையும் அழித்துவிட்டேன்.

அத்தையிடம், “பால்காய்ச்சு அன்னைக்கே கார்டு செத்துப்போச்சு அத்தை” என்றேன். அவர் நம்பட்டும் என்று, பிறகு கார்டில் இருந்த எல்லாவற்றையும் அழித்து அவர் கையிலேயே கொடுத்தேன்.

அதை வீட்டுப் பத்திரத்தோடு பீரோவில் பூட்டி வைத்திருந்தார். இன்று, படங்களை மீட்க முடியுமா என்று கேட்க, தேனியில் ஒரு ஸ்டுடியோவுக்கு என்னையும் அழைத்துப் போனார்.

ஸ்டுடியோக்காரர் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தார். “கார்டு நல்லாத்தான் இருக்குக்கா. யாரோ அழிச்சிருக்காக. இந்தா, படம் வந்திருச்சு.”

முதலில் பால் பொங்குகிற படம். அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டார். அடுத்தது நான், இடுப்பில் துண்டோடு அருவியில். மூலையில் மறுநாள் தேதி.

அத்தை திட்டவில்லை. “செத்த மறுநாளே கார்டு அருவியில குளிச்சிருக்கே, மாப்ள” என்றார். பிறகு ஸ்டுடியோக்காரரிடம், “இந்தப் படத்தையும் பெருசாப் போடுங்க தம்பி. புது வீட்டுல மாட்டணும்.”

இந்தக் கார்டெல்லாம் எத்தனை வருஷம் உழைக்கும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். என் பொய் ஒரு வருஷம்தான் தாங்கியது.