ஓடைக்கு நடுவே நின்ற மேயர்

"அக்கா, அந்த வீடு தூக்குற படம் ஒண்ணு போட்டுக் குடுங்களேன்" என்று யாராவது வந்து கேட்டால், சலூத் டிமாகுலாங்கன் பதில் சொல்ல மாட்டாள். எழுந்து போய்த் தூரிகையைக் கழுவ ஆரம்பித்துவிடுவாள். இடத்தைக் காலி பண்ணு என்று அர்த்தம். மணிலாவிலிருந்து கார் போட்டு வந்தவர்களும் அப்படியே திரும்பிப் போயிருக்கிறார்கள்.

மற்றபடி அவள் வரையாதது எது? கித்தார் வாசிக்க வாசிக்க வரிசையாகக் குனிந்து நாற்று நடுகிற பெண்கள், காலால் நெல்லை மிதித்துப் பிரிக்கிறவர்கள், புனித வாரத்தில் விடிய விடிய ஏசுவின் பாடுகளை ராகம் போட்டுப் படிக்கிற கிழவிகள், அறுவடைத் திருநாளில் மாதா கோயில் வாசலில் முழங்கால் மடக்குகிற எருமைகள். பத்தாங்காஸ் பக்கம் எந்தப் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்தாலும் ஒரு சுவராவது அவளுடையதாக இருக்கும். பதினாறு வயதில் ஜீப்னி என்கிற வாடகை வண்டிகளுக்குப் பெயர் எழுத ஆரம்பித்தவள். வாத்தியார் கிடையாது, கல்லூரி கிடையாது. ஒரே ஒரு பிடிவாதம்தான் உண்டு: கண்ணால் பார்க்காததை வரைய மாட்டாள். ஏர் பூட்டுகிற படம் வேண்டுமென்றால் யாராவது ஏர் பூட்டி நிற்கவேண்டும். அவள் போதும் என்று சொல்கிறவரை எருமையும் நிற்கவேண்டும், ஆளும் நிற்கவேண்டும். "வெயில் மண்டையப் பொளக்குது சலூத்" என்று கெஞ்சினால், "அது மூஞ்சியில நல்லாத் தெரியுது, அசையாதே" என்பாள்.

வீடு தூக்குவதை மட்டும் ஏன் வரையவில்லை? ஊரில் வயதானவர்கள் எல்லோருக்கும் தெரியும், யாரும் கேட்டதில்லை.

அவளுக்கு ஒன்பது வயது. சர்மெந்தா பண்ணையின் கங்காணி ஒரு குத்தகைக்காரனை அடித்துக் கையை ஒடித்துவிட்டான். நடந்ததைப் பார்த்த அப்பா லெயான்ட்ரோ கோர்ட்டில் ஏறிச் சாட்சி சொன்னார். அந்த வாரமே பண்ணையார் டான் இலாரியோன் சொல்லி அனுப்பினார்: ஞாயிற்றுக்கிழமைக்குள் என் நிலத்தைவிட்டு வீட்டோடு போய்விடு. மூங்கில் வீடுதானே! ஊர் திரண்டது. நாற்பது பேர் அடியில் மூங்கில் கொடுத்து வீட்டைத் தோளில் ஏற்றினார்கள். கரும்புக்காட்டுப் பாதைக்கு வந்தால், குறுக்கே சங்கிலி. பாதை பண்ணையாருடையதாம். சரி, ஓடையில் இறங்கினார்கள். முன்வரிசை இடது மூங்கிலில் அப்பா. நட்ட நடுவில் தோள் இற்றுப்போய், "முதலாளி, பாதையைத் திறந்துவிடுங்க" என்று கத்தினார். கரையில் குடைக்குக் கீழே நின்ற டான் இலாரியோன் பார்த்துக்கொண்டே நின்றார். அப்பாவின் கால் பள்ளத்தில் போனது, வீட்டின் மூலைக்கால் அவர் நெஞ்சில் இறங்கியது. சோற்றுப்பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்னால் வந்த சலூத் எல்லாவற்றையும் பார்த்தாள்.

நாற்பத்தொரு வருஷம் அதை வயிற்றில் நெருப்பாகக் கட்டிக்கொண்டு திரிந்தாள். மறக்கச் சொன்ன பாதிரியாரிடம், "நீங்க மறங்க ஃபாதர், உங்களுக்கு என்ன போச்சு" என்றாள்.

இந்த லட்சணத்தில், 1999 நவம்பரில், மேயர் ஹெனாரோ சர்மெந்தா அவள் பட்டறைக்கு வந்தான். டான் இலாரியோனின் பேரன். கையில் தாத்தாவின் புகைப்படம்.

"சலூத் அக்கா, புது நகராட்சிக் கட்டடத்துல, என் அறைக்கு ஏறுற படிக்கட்டுக்கு எதிர்ச் சுவர் பூரா ஒரே படம். ஊரே சேர்ந்து வீடு தூக்குறது. நம்ம ஜனங்களோட ஆன்மாவே அதுலதானே இருக்கு! முன்னால இடது மூங்கில்ல எங்க தாத்தா தோள் குடுத்து நிக்கணும். ஊரோட ஊரா நின்னு வீடு தூக்கின மனுஷன்னு அப்பா சொல்லிக்கிட்டே இருப்பாரு."

சலூத்தின் தம்பி மிரோ அப்போது பலகை இழைத்துக்கொண்டிருந்தான். உளி கையோடு எழுந்துவிட்டான். அப்பா விழுந்த இடத்தில் அப்பாவைக் கொன்றவனை நிறுத்தவேண்டுமாம், அதுவும் அவர் மகள் கையாலேயே! பேரனுக்கு ஒன்றும் தெரியாதாம். தெரியாதாம்! தெரிந்துகொள்ளாமலே காலம் தள்ளுவதும் ஒரு சாமர்த்தியம்தான்.

சலூத் தூரிகையைக் கழுவவில்லை. "போடறேன்" என்றாள்.

"அக்கா!"

"நீ சும்மா இரு மிரோ." மேயர் பக்கம் திரும்பினாள். "ஆனா பாக்காம வரைய மாட்டேன், அது உங்களுக்குத் தெரியும். நிஜமா ஒரு வீட்டத் தூக்கணும். விதவை சோலெங்கோட வீடு ஓடைக்கரையில அடிமண் அரிச்சுப்போய் நிக்குது, அத அந்தப் பக்க மேட்டுக்குக் கொண்டுபோகலாம். உங்க தாத்தா இப்ப இல்ல. அதே நெத்தி, அதே மூக்கு உங்களுக்குத்தான் இருக்கு. தோள் குடுப்பீங்களா?"

மேயருக்கு வாயெல்லாம் பல். ஒன்றரை வருஷத்தில் தேர்தல். "தொலைக்காட்சிக்காரங்களையும் வரச் சொல்றேன்!"

"எந்த மூங்கில் வேணும்னு நீங்களே பாத்துக்கோங்க."

"முன்னால இடது பக்கம். வேற எங்க நிப்பேன்?"

அந்த ஓடையில் முன்வரிசை இடது பக்கம் யாரும் விரும்பிப் போய் நிற்க மாட்டார்கள். அடிமண் அங்கேதான் சரிந்து கிடக்கிறது, ஆள் குட்டையாகிவிடுவான், பாரம் முழுக்க அவன் தோளில் சாயும். ஊரில் மீன் பிடிக்கிற எவனைக் கேட்டாலும் சொல்லியிருப்பான். மேயர் யாரையும் கேட்கவில்லை.

அவன் போனதும் மிரோ உளியை வீசி எறிந்தான். "வெக்கமா இல்ல உனக்கு? காசுக்குப் போட்டுக் குடுப்பியா?"

"காசு வாங்கினாத்தானே?" என்றாள் சலூத். "போய் பிட்யோங் அண்ணனைக் கூட்டிட்டு வா. அன்னைக்கு மூங்கில் தூக்கினவங்கள்ல உசுரோட இருக்கிற எல்லாரையும் கூட்டிட்டு வா."

ஐந்து பேர் இருந்தார்கள். பாரக்கோ காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு அவள் சொன்னதை முழுக்கக் கேட்டார்கள். பிட்யோங்குக்கு அறுபத்தேழு வயது. காப்பியைக் கீழே வைத்துவிட்டு, "இந்தத் தோள் இன்னும் ஒரு வீடு தாங்கும்" என்றார்.

சனிக்கிழமை காலை ஊரே ஓடைக்கரையில். கித்தார், கேமரா, கோழிகளுக்குப் பின்னால் ஓடுகிற சோலெங். மேயர் புதுச் சட்டையைக் கழற்றிவிட்டு உள்பனியனோடு நின்றான். பிட்யோங்தான் முன்னால் நின்று குரல் கொடுக்கிறவர். "ஒண்ணு, ரெண்டு, ஏத்து!" வீடு எழுந்தது. ஜனங்கள் கைதட்டினார்கள்.

தோள் கொடுத்தவன் வீட்டை இறக்குகிறவரை நடுவில் விலகக் கூடாது. விலகினால் அவன் பாரம் பக்கத்தில் இருப்பவன் தலையில் விழும். அப்படி விலகியவன் அப்புறம் அந்த ஊரில் நிமிர்ந்து நடக்க முடியாது. இது மேயருக்கும் தெரியும்.

நட்ட நடு ஓடைக்கு வந்ததும் பிட்யோங், "நில்லு!" என்றார். நாற்பது பேரும் நின்றார்கள்.

சலூத் கரையில் முக்காலி போட்டு உட்கார்ந்து பலகையை மடியில் வைத்துக்கொண்டாள்.

ஐந்து நிமிஷம் மேயர் சிரித்துக்கொண்டே நின்றான். பத்தாவது நிமிஷம் சிரிப்பு போனது. தண்ணீர் இடுப்புக்கு, மூங்கில் கழுத்தெலும்பில், கால் சேற்றில் இறங்கிக்கொண்டே இருந்தது. மற்ற முப்பத்தொன்பது பேரும் வயலில் முதுகொடிந்தவர்கள், பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்கள்.

"அக்கா, போதுமே?"

"அசையாதீங்க மேயர். இப்பத்தான் தோள் வந்திருக்கு."

"கை மரத்துப்போச்சு அக்கா!"

"அதுவும் வரும்."

இருபதாவது நிமிஷம் அவன் முகம் வேறு ஒருவன் முகமாகிவிட்டது. வாய் கோணி, கண் பிதுங்கி, அந்தப் பக்கக் கரையிலிருந்த சிமெண்ட் பாதையைப் பார்த்தான். பழைய கரும்புக்காட்டுப் பாதைதான். இப்போது அவர்கள் குடும்பத்து பங்களாக்களுக்குப் போகிறது, வாயிலில் இரும்புக் கதவும் காவலாளியும்.

"டேய், கதவத் திற!" என்று காவலாளியைப் பார்த்து அலறினான். "பாதையத் திறந்து விடுங்கடா, செத்துருவேன்!"

கரையில் இருந்த கிழவிகள் சிலுவை போட்டுக்கொண்டார்கள்.

முன்வரிசையில் இருந்த பிட்யோங் மூங்கிலிலிருந்து தோளை எடுக்காமலே அவன் பக்கம் முகத்தைத் திருப்பினார். "லெயான்ட்ரோவும் இதையேதான் கேட்டான் தம்பி. இதே எடத்துல நின்னு. உங்க தாத்தாகிட்ட."

மேயருக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. பிறகு சுற்றி நின்ற கிழவர்களைப் பார்த்தான், கரையில் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்தான். லெயான்ட்ரோ என்ன ஆனான் என்று அவன் கேட்கவில்லை.

சலூத் கடைசிக் கோடு போட்டு முடித்தாள். "ஆச்சு. வீட்டை எடுத்துட்டுப் போங்க."

சோலெங்கின் வீடு பத்திரமாக மேட்டில் இறங்கியது. எல்லோரும் தேங்காய்ப்பால் கஞ்சி குடித்தார்கள். மேயர் குடிக்கவில்லை, காரில் ஏறிப் போய்விட்டான். ஆனால் அன்று மாலையே தொலைக்காட்சியில் அவன்தான்: வீட்டைச் சுமந்து ஓடையில் நிற்கிற மேயர்! மணிலாவரை பேச்சு. அவன் அலறியதை வெட்டிவிட்டிருந்தார்கள். இனிப் படம் வேண்டாம் என்று எப்படிச் சொல்வான்?

ஆறு மாதம் திரை கட்டிக்கொண்டு சுவரில் வேலை செய்தாள். மேயர் ஒருமுறை பார்க்க வந்தபோது, முடிந்திருந்த ஒரே உருவத்தைக் காட்டினாள்: தண்ணீரில் நிற்கிற அவனை. நரம்பு நரம்பாக, வீரன் மாதிரி இருந்தான். கூட வந்த அவன் மனைவி, "எவ்வளவு கம்பீரமா இருக்கீங்க!" என்று உருகிப்போனாள். "தாத்தா எங்க?" என்று அவன் கேட்டான். "கரை இன்னும் பாக்கி இருக்கு" என்றாள் சலூத். அவன் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனான்.

ஜூன் பன்னிரண்டு, சுதந்திர தினம். கவர்னர் திரையை இழுத்தார். கைதட்டல் எழுந்து, பாதியிலேயே ஓய்ந்தது.

ஓடை. வீடு. முன்வரிசை இடது மூங்கிலில் மேயர் ஹெனாரோ, வாய் திறந்து, கரையைப் பார்த்துக் கெஞ்சுகிறான். கரையில் சங்கிலி போட்ட பாதை. அதன் முன்னால் குடைக்குக் கீழே வெள்ளைக் கோட்டு, பளபளக்கிற பூட்ஸ், டான் இலாரியோன். பேரன் கேட்பது காதில் விழுந்தும் அசையாமல் நிற்கிறார். பிட்யோங் தொப்பியைக் கழற்றினார். பின்னால் இருந்த கிழவர்கள் எல்லோரும் கழற்றினார்கள்.

மேயர் அவள் காதருகே குனிந்தான். "எங்க தாத்தா தோள் குடுக்கிற மாதிரிதானே கேட்டேன்?"

"நான் பாக்காததை வரைய மாட்டேன், மேயர். ஒம்போது வயசுல அவரை இப்படித்தான் பாத்தேன்."

"நாளைக்கே வெள்ளையடிச்சிருவேன்."

"அடிங்க. உங்க மூஞ்சியத்தானே அழிக்கிறீங்க. ஏன் அழிச்சீங்கன்னு கேப்பாங்க, சொல்லுங்க. சொல்லத் தெரியலன்னா என்னைக் கூப்பிடுங்க, நான் வந்து சொல்றேன்."

அதற்குள் கவர்னர் வந்து மேயரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "அற்புதம்! இதை யாரும் தொடக் கூடாது, இது நம்ம தேசத்தோட சொத்து" என்று ஒலிபெருக்கியில் சொன்னார். மேயர் சிரிக்கவேண்டியிருந்தது.

வீடு திரும்பும்போது ஜீப்னியில் மிரோ அக்காவின் தோளில் சாய்ந்து தேம்பித் தேம்பி அழுதான். கொஞ்ச நேரம் கழித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, "இப்பவாவது ஆறுச்சா அக்கா?" என்றான்.

"இல்லடா" என்றாள் சலூத். "அப்பா சாக மூணு நாள் ஆச்சு. இவன் தினமும் காலைல எட்டு மணிக்கு அதப் பாத்துக்கிட்டேதான் அந்தப் படிக்கட்டு ஏறணும்."