உப்புத் தட்டும் நீல டிரம்மும்

வாசலில் கவிழ்ந்து கிடந்த நீல டிரம்மைப் பார்த்த நொடியில்தான் அந்த யோசனை வந்தது: ஒரு கடலையே இதில் அடைத்துக்கொண்டு போய்விடலாம். உத்திரமேரூரில் இருந்த வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு, மாகறல் பக்கம் அத்தை கட்டிய புது வீட்டுக்கு நாங்கள் குடிபோக இருந்த நேரம். விலங்கியல் படித்த சூட்டில் கூடத்தில் ஒரு பவளத்தொட்டி வளர்த்துவந்தேன். துளைத்துளையான பாறை, விரல்களைப்போல் அசையும் பவளங்கள், ஒரு ஜோடி கோமாளி மீன். சுற்றிலும் ஏரியும் நெல்லுமாக இருக்கிற ஊரில், எங்கள் கூடத்தில் மட்டும் உப்புக்கடல்.

அத்தை, அப்பாவின் அக்கா. அவருக்கு எதைத் தொட்டாலும் அருவருப்பு. முட்டை உரித்த விரலைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு முகர்ந்து பார்ப்பார்; திருப்தியில்லாமல் மறுபடி கழுவுவார். பல்லி ஓடிய சுவரைத் துடைப்பார். தொட்டியைக் கடக்கும்போதெல்லாம் முந்தானை மூக்குக்குப் போகும். “இன்னாத்துக்குடா இந்தச் சாக்கடைய வூட்ல வச்சிக்கினு கீற?”

பாறையில் வாழும் நுண்ணுயிர்கள் செத்தால் தொட்டியே செத்துவிடும். அவற்றுக்கும் காற்று வேண்டும். ஆகவே பழைய தண்ணீரோடு பாறை, பவளம், மீன் எல்லாவற்றையும் டிரம்மில் இறக்கி, பேட்டரியில் ஓடும் காற்றுக்குழாயைச் செருகி, மூடியைத் தளர்வாக வைத்துக் குட்டியானை வண்டியில் ஏற்றினேன். கண்ணாடித் தொட்டி சுத்தமாக இருந்ததால் புது வீட்டுத் திண்ணைவரை போய்விட்டது. டிரம்முக்கு மட்டும் அத்தை குறுக்கே நின்றார். “பால் காயாம இந்த நாத்தம் உள்ள வரக்கூடாது.”

அவர் கையில் தாம்பாளம். கல்லுப்பு, மஞ்சள், துவரம்பருப்பு. புது வீட்டுக்குள் முதலில் உப்புதான் போக வேண்டும்.

“இதுவும் உப்புதான் அத்தை.”

“பெரிய வக்கீலு! அந்த உப்பு வேற, இந்தக் கர்மம் வேற. ஓரமா வை.”

ஓரமாக வைத்தேன். ஐயர் தாமதமாக வந்தார், ஹோமம் இழுத்தது, என்னை இலை வாங்க விரட்டினார்கள். அந்த இடைவெளியில், வரும் சொந்தக்காரர்களின் மூக்கைக் காப்பாற்ற, அத்தை குழாயைப் பிடுங்கிப் போட்டுவிட்டு மூடியை இறுக்கிவிட்டார். டிரம்மின் மேல் வெயில் ஏறியது. நான் திரும்பியபோது பந்தி ஓடிக்கொண்டிருந்தது. பாயசத்தை வழித்துக்கொண்டிருந்த மாமா ஒருவர் கூப்பிட்டார்: “இன்னா மாப்ள, வாசல்ல கருவாட்டுப் பந்தி தனியா நடக்குதா?” இலைக்கு இலை சிரித்தார்கள். அந்தச் சிரிப்பும் பாயச வாசனையும் சேர்ந்து இன்றைக்கும் எனக்குக் குமட்டும்.

மூடியைத் திறந்தேன். அழுகிய முட்டை நாற்றம் முகத்தில் அறைந்தது. தண்ணீர் கறுத்திருந்தது. பவளங்கள் சளியாகக் கரைந்து மிதந்தன. பாறைத் துளைகளிலிருந்து, இத்தனை நாள் உள்ளே இருந்தது எனக்கே தெரியாத மயிர்ப்புழுக்கள் பாதி உடல் வெளியே தொங்கக் கிடந்தன. தலைவாசல் வாழைமரத்தைப் பிடித்துக்கொண்டு வாந்தியெடுத்தேன். எத்தனை தவளை அறுத்த கை! உள்ளே போக மறுத்தது.

அத்தை மூக்கைப் பொத்தியபடி வந்தார். “மீனு உசுரா கீதா?”

“தெரியல.”

“பால் காஞ்ச வூட்டு வாசல்ல சாவா? தூ!”

பட்டுப்புடவையை இழுத்துச் செருகினார். தோள்வரை கையை விட்டார். “கர்மம், கர்மம்” என்று திட்டிக்கொண்டே துழாவினார். முதலில் வந்தது விறைத்த மீன். அதை வீசிவிட்டு மறுபடி துழாவினார். அடுத்தது அவர் உள்ளங்கையில் ஒருமுறை செவுளைத் திறந்தது. தொட்டிக்காக நான் கரைத்து வைத்திருந்த புது உப்புநீர் வாளியில் அதை விட்டார். என்னைப் பார்த்து, “வாயத் தொடச்சிக்கோ” என்றார். புளி போட்டும் மஞ்சள் போட்டும் கையைத் தேய்த்தார். அன்று அவர் சாப்பிடவே இல்லை.

மூடியை இறுக்கியதும் அந்தக் கைதான். அதனால் அவரை முழுதாக வெறுக்கவும் முடியவில்லை, மன்னிக்கவும் முடியவில்லை.

அந்த ஒற்றை மீன் இன்னும் இருக்கிறது, புதுப் பவளங்களோடு. செங்கல்பட்டில் எனக்கு வேலை கிடைத்து வீடும் பார்த்தாயிற்று, தொட்டியும் வருகிறது. “பால் காய்ச்ச வர்றேன். அந்தச் சாக்கடை எனக்கு முன்னாடி போவட்டும், வெயில்ல வச்சிட்டு உக்காந்திராத” என்கிறார் அத்தை. ஆக, இந்த முறை உப்புத் தட்டுக்கு முன்னால் ஒரு புது டிரம் போகும். மூடியே கிடையாது. அப்படியும் ஏதாவது ஆனால், கையை விடப்போவது நான். அதற்காகவே கொல்லையில் கிடக்கும் அதே நீல டிரம்முக்குள் தினமும் தலையைவிட்டு மூச்சை இழுத்துப் பழகுகிறேன். எத்தனை தேய்த்தும் போகாத நாற்றம். இன்று காலையும் குமட்டியது. தலையை மட்டும் எடுக்கவில்லை.